ஒரு பூ, ஆயிரம் முறை: டிசைன் தொழில் பற்றி வாசகர் கேள்விகள்

துணி, சுவர்த்தாள், போர்வை, நோட்டு அட்டை, பரிசுத்தாள் ஆகியவற்றின் மேல் அச்சாகும் தொடர் டிசைன்களை வரைந்து, அதையே தொழிலாகக் கொள்ள விரும்புவோரிடமிருந்து ஏராளமான கடிதங்கள் வந்துள்ளன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடைய கடிதத்தை மட்டும் சுருக்கி எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: அம்மா, நான் வரையும் பூக்களைத் தனிப்படமாகப் பார்ப்பவர்கள் பாராட்டுகிறார்கள். அவற்றையே துணி டிசைனாக அடுக்கினால் இடையிடையே வெள்ளைப் பட்டைகள் போல ஏதோ தெரிகிறது. கோளாறு வரைவதிலா, அடுக்குவதிலா?

பதில்: அடுக்குவதில்தான். தனிப்படத்துக்கு நான்கு ஓரங்கள் உண்டு. பார்ப்பவரின் கண் நடுவில் வந்து நிற்க வேண்டும் என்றுதான் அதை வரைகிறோம். தொடர் டிசைனுக்கு ஓரமே கிடையாது; ஒரே கட்டத்தை நான்கு பக்கமும் மீண்டும் மீண்டும் அடுக்குவதுதான் அது. நீங்கள் ஒரு கட்டத்தின் நடுவில் பூக்களை நெருக்கமாகவும் ஓரங்களில் சற்று ஒதுங்கியும் வைத்திருப்பீர்கள். அந்த ஓரத்து வெற்றிடம் பக்கத்துக் கட்டத்தின் வெற்றிடத்தோடு சேரும்போது, துணியின் நீளம் முழுக்க ஓடும் வாய்க்காலாக மாறிவிடுகிறது. கணினியில் ஒரு கட்டத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இது கடைசிவரை புலப்படாது.

இதற்குப் பழைய கைவழி ஒன்று உண்டு. கணினியில் வேலை செய்பவர்களும் ஒருமுறையாவது அதைச் செய்து பார்க்க வேண்டும். ஒரு சதுரத் தாளின் நடுவில், எந்த ஓரத்தையும் தொடாமல் வரையுங்கள். தாளை நெடுக்கில் பாதியாக வெட்டி, இடப்பாதியை வலப்பக்கமும் வலப்பாதியை இடப்பக்கமும் மாற்றி வைத்துப் பின்புறம் ஒட்டுங்கள். பிறகு குறுக்கில் வெட்டி, மேல்பாதியைக் கீழும் கீழ்ப்பாதியை மேலும் மாற்றி ஒட்டுங்கள். முன்பு நடுவில் இருந்த பூ இப்போது நான்காகப் பிளந்து நான்கு மூலைகளுக்கும் போயிருக்கும். நடுவில் வெற்றிடம் கிடக்கும். அந்த வெற்றிடத்தை, புதிய ஓரங்களைத் தொடாமல் நிரப்புங்கள். இனி அந்தத் தாளை எத்தனை படி எடுத்து நேர் வரிசையில் அடுக்கினாலும் ஒட்டு தெரியாது. நடுவை நிரப்பும்போதுதான், எந்தக் கொடி எந்த ஓரத்தில் வெளியேறி எங்கே மீண்டும் உள்ளே வருகிறது என்பது கைக்குப் பிடிபடும்.

அடுத்ததாக, கட்டங்களை நேர் வரிசையில் அடுக்காமல், ஒவ்வொரு அடுத்த நெடுக்கு வரிசையையும் பாதி உயரம் கீழே இறக்கி, பக்க ஓரங்களையும் அந்த இறக்கத்துக்கேற்பப் பொருத்தி வரைந்து, அடுக்கிப் பாருங்கள். தொழிலில் இதை ‘ஹாஃப் டிராப்’ என்பார்கள். அதே பூ பக்கத்திலேயே மீண்டும் வராமல் குறுக்குச்சாய்வில் வருவதால் கட்டம் எங்கே தொடங்குகிறது என்பது கண்ணுக்கு எளிதில் அகப்படாது. சமதளத்தில் ஒரு வடிவம் தொடர்ந்து வருவதற்கு 17 வகைச் சமச்சீர் அமைப்புகளே உண்டு என்று 1891இல் ஃபெடரோவ் என்னும் ரஷ்ய அறிஞர் நிறுவினார். அந்தக் கணக்கின்படி, உங்கள் பூவைப் போல் சமச்சீர் இல்லாத ஓர் உருவத்தை நேராக அடுக்கினாலும் பாதி இறக்கி அடுக்கினாலும் இரண்டும் ஒரே வகையில்தான் சேரும். கண் மட்டும் அதை ஒத்துக்கொள்வதில்லை.

அடுக்கி முடித்ததும் ஐந்துக்கு ஐந்து கட்டமாக, அச்சாகப்போகும் அளவிலேயே தாளில் எடுத்துச் சுவரில் குத்திவிட்டுப் பத்தடி தள்ளி நில்லுங்கள். இமைகளைச் சுருக்கிப் பாருங்கள். வாய்க்கால் தெரிகிறதா, அடர்நிறப் பூ ஒன்று மட்டும் பொட்டுப் பொட்டாக வரிசை கட்டுகிறதா, காம்புகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கின்றனவா என்பதெல்லாம் அப்போது தாமாகவே தெரிந்துவிடும்.

அளவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் நான் அடிபட்டிருக்கிறேன். என் முதல் துணி டிசைனின் கட்டத்தை, முழு எண்ணாக இருக்கட்டும் என்று 30 சென்டிமீட்டர் உயரத்தில் அமைத்தேன். அச்சகத்தில் இருந்ததோ, நுண்துளைகள் வழியே சாயத்தைத் துணியில் பதிக்கும் சுழலும் உருளைத் திரை. அந்த உருளையின் சுற்றளவு வழக்கமாக 64 சென்டிமீட்டர். ஒரு சுற்றில் கட்டங்கள் மிச்சமின்றி அடங்க வேண்டுமானால் கட்டத்தின் உயரம் 64, 32, 21.33, 16 என்று அதை வகுக்கும் அளவாகத்தான் இருக்க முடியும். அவர்கள் என்னைக் கேட்காமலேயே 30ஐ 32ஆக இழுத்துவிட்டார்கள். உயரத்தில் மட்டும் இழுத்ததால், வட்டமாக வரைந்த சாமந்திகள் அத்தனையும் முட்டை வடிவில் அச்சாகி வந்தன. அவர்கள்மேல் குற்றமில்லை, உருளையின் அளவைக் கேட்டுக்கொண்டு வரைந்திருக்க வேண்டியவள் நான். டிஜிட்டல் அச்சில் இந்தக் கட்டுப்பாடு இல்லை என்றாலும், எந்த முறையில் அச்சாகும் என்பது முதலில் தெரியாத நிலையில் 64 அல்லது 32இல் அமைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

கேள்வி: எந்த மென்பொருளை வாங்குவது? விலை உயர்ந்தது இல்லாமல் இந்தத் தொழிலுக்கு வர முடியாதா?

பதில்: வரலாம். இலவசமாகக் கிடைக்கும் கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் W விசையை அழுத்தினால், நீங்கள் வரையும் கட்டம் நான்கு பக்கமும் தொடர்ந்து தெரியும். வரைந்துகொண்டே அடுக்கைப் பார்க்கலாம். அடோபி நிறுவனத்தின் மென்பொருள்களான இலஸ்ட்ரேட்டரில் இதற்கென்று தனிக் கருவி 2012இலும், ஃபோட்டோஷாப்பில் தொடர்தோற்றம் காட்டும் வசதி 2020இலும் வந்தன. அதற்கு முன்பும் இந்தத் தொழில் நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது. தூரிகைத் தடமும் நீர்வண்ணக் கசிவும் உங்கள் பாணி என்றால் ஃபோட்டோஷாப் வகை மென்பொருள் பொருந்தும்; தெளிவான கோடும் தட்டையான நிறமும் உங்கள் பாணி என்றால், எந்த அளவுக்கும் சிதையாமல் பெருக்கக்கூடிய வெக்டர் வகை பொருந்தும். முதல் வகையில் வேலை செய்பவர்கள் அச்சாகும் முழு அளவில், அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அடர்த்தியில் தொடங்கிவிட வேண்டும்; சிறிதாக வரைந்துவிட்டுப் பிறகு பெருக்கினால் கோடுகள் மங்கிவிடும்.

திரை அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு திரை தேவை என்பதால் நிறங்களின் எண்ணிக்கையே செலவைத் தீர்மானிக்கிறது. ஆகவே ஒவ்வொரு நிறத்தையும் தனி அடுக்கில் வைக்கும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஓர் ஆண்டாக நாள் தவறாமல் ஒரு டிசைன் வரைந்து 300க்கு மேல் சேர்த்துவிட்டேன். சிலவற்றை நிறுவனங்களுக்கும் அனுப்பினேன். ‘நன்றாக இருக்கிறது’ என்று பதில் வருகிறது, யாரும் வாங்குவதில்லை. எங்கே தவறுகிறேன்?

பதில்: உங்கள் உழைப்பை மதிக்கிறேன், ஆனால் அந்த 300ம் ஒன்றோடொன்று பேசாத 300ஆக இருக்கும் என்று ஊகிக்கிறேன். வாங்குபவர் தேடுவது தனி டிசைனை அன்று, ஒரு தொகுப்பை. போர்வையில் ஒன்று, தலையணை உறையில் ஒன்று, அதன் பின்புறத்துக்கு ஒன்று என்று ஒரே படுக்கையின் மேல் மூன்று டிசைன்கள் சண்டையில்லாமல் கிடக்க வேண்டும் என்பது அவருடைய கவலை.

ஒரு தொகுப்பில் முதலில் தலைமை டிசைன் ஒன்று வேண்டும். பெரிய உருவங்கள், எல்லா நிறங்களும், கதை முழுவதும் அதில் இருக்கும். அதிலிருந்து சில உறுப்புகளை மட்டும் எடுத்து, சற்றுச் சிறிய அளவில், குறைந்த நிறங்களில் இரண்டு மூன்று துணை டிசைன்கள் வேண்டும். மீதி எல்லாம் புள்ளி, கோடு, கட்டம், சிறு இலை என்று தூரத்திலிருந்து பார்த்தால் ஏறக்குறைய ஒரே நிறமாகத் தெரிகிற எளியவை. கற்றுக்கொள்பவர்கள் இந்த எளியவற்றை அலட்சியம் செய்கிறார்கள். வரையச் சலிப்பாக இருக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் எதனோடும் பொருந்தும் என்பதால் அவற்றுக்கு எப்போதும் தேவை இருக்கும். எட்டு முதல் பன்னிரண்டு டிசைன்கள், அனைத்துக்கும் பொதுவான ஏழெட்டு நிறங்கள் என்றால் அது ஒரு நல்ல தொகுப்பு. உங்களிடம் இருக்கும் 300இல் தேடினால், தலைமை டிசைனாகத் தேறக்கூடியவை ஐந்தாறாவது இருக்கும். புதிதாக வரைவதை நிறுத்திவிட்டு அவற்றைச் சுற்றிக் குடும்பம் கட்டுங்கள்.

ஒவ்வொரு தொகுப்பையும் குறைந்தது இரண்டு நிறக்கோவைகளில் செய்து வையுங்கள். மரிமெக்கோ என்னும் ஃபின்லாந்து நிறுவனத்தின் தலைவி ஆர்மி ராத்தியா பூ டிசைன்களே வேண்டாம் என்று அறிவித்திருந்த நேரத்தில், அங்கு டிசைன்கள் வரைந்துவந்த மைஜா இசோலா 1964இல் ‘உனிக்கோ’ என்ற பெரிய பாப்பிப்பூ டிசைனை வரைந்தார். ராத்தியா மனம் மாறி அதை அச்சிட்டார். இன்றும் அது புதிய புதிய நிறங்களில், வெவ்வேறு அளவுகளில், துணி தொடங்கிக் கோப்பைவரை வந்துகொண்டிருக்கிறது. வரைந்தது ஒருமுறைதான். முந்நூற்றொன்றாவது டிசைனைத் தொடங்கும் முன் இதைச் சற்று நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, காலம். கோடைக்கால டிசைனைக் கோடையில் அனுப்பியிருந்தால் நீங்கள் ஓராண்டுக்கு மேல் தாமதம். தேர்வு, மாதிரி அச்சு, உற்பத்தி, கடைக்குப் போய்ச் சேருதல் என்று கணக்கிட்டு நிறுவனங்கள் வெகு முன்னதாகவே வாங்கிவிடுகின்றன. பண்டிகைக்கால டிசைன்களுக்கு இது இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும்.

கேள்வி: ஒரு நிறுவனம் என் டிசைனுக்கு ஒரே தொகையாகக் கொடுத்து, எல்லா உரிமையையும் கேட்கிறது. மற்றொன்று முன்பணம் எதுவும் தராமல், விற்பனைக்கேற்ற பங்காக ஐந்து விழுக்காடு ராயல்டி தருவதாகச் சொல்கிறது. எதை ஏற்பது?

பதில்: இரண்டையும் அப்படியே ஏற்க வேண்டாம். முதலில் எதை விற்கிறீர்கள் என்பதைப் பாருங்கள். டிசைனைப் பயன்படுத்திக்கொள்ளும் அனுமதியே இந்தத் தொழிலின் சரக்கு. அந்த அனுமதியை எந்தப் பொருளுக்கு, எந்த நாடுகளில், எத்தனை ஆண்டுக்கு, தனக்கு மட்டுமா பிறருக்கும் சேர்த்தா என்று துண்டு துண்டாகப் பிரித்து விற்கலாம். போர்வைக்கு ஒருவருக்கு, சுவர்த்தாளுக்கு வேறொருவருக்கு, நோட்டு அட்டைக்கு மூன்றாமவருக்கு என்று ஒரே டிசைன் மூன்று இடத்தில் சம்பாதிக்கும். ‘எல்லா உரிமையும்’ என்ற இரண்டு சொற்கள் அந்தப் பங்குகள் அத்தனையையும் ஒரே கையெழுத்தில் கொடுத்துவிடுகின்றன.

இளமையில் நானும் அப்படி ஒன்றைக் கொடுத்தேன். மேசைவிரிப்புக்கு என்று சொல்லித்தான் வாங்கினார்கள். இரண்டு ஆண்டு கழித்து அதே கிளிகள் குடையிலும் பள்ளிப்பையிலும் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். தாளில் எழுதியிருந்தபடி அவர்கள் செய்தது முறைதான். முழு விற்பனை என்றைக்கும் தவறு என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பருவத்தோடு முடிந்துபோகும் போக்கு டிசைன் என்றால் நல்ல தொகைக்கு விற்றுவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம். ஆனால் உங்கள் கையொப்பமாக நினைக்கும் டிசைனை அப்படிக் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் பொருள்வாரியாக எத்தனை பங்கை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்று எண்ணி, அதற்கேற்ற தொகையைக் கேளுங்கள்.

ராயல்டிக்கு வருவோம். ஐந்து விழுக்காடு என்றால் எதில் ஐந்து? கடையில் விற்கும் விலை 100 என்றும், நிறுவனம் கடைக்காரருக்குக் கொடுக்கும் மொத்த விலை 50 என்றும் வைத்துக்கொள்வோம். வழக்கமாகக் கணக்கிடுவது மொத்த விலையின் மேல்தான். ஆகவே உங்களுக்கு வருவது ஐந்து அன்று, இரண்டரை. அதிலும் ‘நிகர விற்பனை’ என்ற சொல் இருந்தால், திரும்பி வந்த சரக்கு, தள்ளுபடி, அனுப்பும் செலவு எல்லாவற்றையும் கழித்த பிறகுதான் உங்கள் கணக்கு தொடங்கும். எவை எவை கழிக்கப்படும் என்பதைப் பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள். முடிந்தால் கழிவுகளுக்கு மொத்தமாக ஓர் உச்சவரம்பு கேளுங்கள். முன்பணம் இல்லாத ஒப்பந்தத்தில் நிறுவனத்துக்கு அவசரம் எதுவும் கிடையாது. டிசைனை வாங்கி மூன்று ஆண்டு அலமாரியில் வைத்திருந்தாலும் அவர்களுக்கு நட்டமில்லை, உங்களுக்கோ அதை வேறெவருக்கும் கொடுக்க முடியாது. எனவே, பின்னால் வரும் ராயல்டியில் கழித்துக்கொள்ளும்படியும் விற்பனை குறைந்தால் திருப்பித் தரத் தேவையில்லாதபடியும் ஒரு முன்தொகை வேண்டும் என்று கேளுங்கள். அதற்கு ஒப்பவே மாட்டார்கள் என்றால், குறிப்பிட்ட மாதத்துக்குள் பொருள் கடைக்கு வராவிட்டால் உரிமை தானாகத் திரும்பிவிடும் என்ற வரியையாவது வாங்குங்கள்.

காலாண்டுதோறும் விற்பனை விவரம் அனுப்புவது, அவர்களுடைய கணக்கைப் பார்க்க உங்களுக்கு உரிமை இருப்பது, காலம் முடிந்த பின் மிச்சச் சரக்கை விற்றுத் தீர்க்க எத்தனை மாதம் என்பது ஆகிய மூன்றும் ஒப்பந்தத்தில் இல்லையென்றால் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்புங்கள். கேட்டதற்காகக் கோபித்துக்கொள்ளும் நிறுவனம், பணம் தர வேண்டிய நாளிலும் கோபித்துக்கொள்ளும்.

கேள்வி: பிறருடைய டிசைனில் 30 விழுக்காடு மாற்றினால் அது நம்முடையதாகிவிடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: இல்லை. அப்படி ஒரு விழுக்காட்டுக் கணக்குச் சட்டத்தில் கிடையாது. பார்ப்பவருக்கு மூலம் அடையாளம் தெரிகிறதா, அதன் சாரமான பகுதி எடுக்கப்பட்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

முன்பு சொன்ன அதே மரிமெக்கோவுக்கு 2013இல் ஒரு சங்கடம் நேர்ந்தது. ஒரு விமானத்தின் உடல் முழுவதும் தீட்டப்பட்டிருந்த அவர்களுடைய காட்டு டிசைன், மரியா பிரிமாச்சென்கோ என்ற உக்ரேனிய ஓவியர் 1963இல் வரைந்த படத்தைப் பெரிதும் ஒத்திருப்பது வெளியே வந்தது. வரைந்த டிசைனர் தவற்றை ஒப்புக்கொண்டார். விமானத்தின் மேலிருந்த டிசைன் அகற்றப்பட்டது. பொதுவாக நடப்பதும் இப்படித்தான்: படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரையத் தொடங்குகிறோம், கை தன்னையறியாமல் அதைப் படியெடுத்துவிடுகிறது. நான் கடைப்பிடிக்கும் வழி, பார்ப்பதை ஒரு நாளும் வரைவதை வேறொரு நாளும் செய்வது. செடியை வரைய வேண்டுமென்றால் செடியையே பார்த்து வரைவது இன்னும் நல்லது.

உங்கள் டிசைனுக்குப் பதிப்புரிமை அதை வரைந்தவுடனே பிறந்துவிடுகிறது. 1886இல் உருவான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் அதற்குப் பதிவு கட்டாயம் இல்லை. ஆனால் சில நாடுகளில், ஒரு டிசைன் தொழிற்சாலையில் பொருளாகப் பெருகத் தொடங்கிய பிறகு டிசைன் பதிவு இல்லாவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். பதிவை டிசைன் வெளியாவதற்கு முன்பே செய்ய வேண்டியிருப்பதால், பெரிய ஒப்பந்தத்துக்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் செலவிடும் ஒரு மணி நேரம் வீண்போகாது. பென்சில் வரைவுகளைத் தேதியிட்டுப் பத்திரப்படுத்துங்கள். நான் நாற்பது ஆண்டுக் குப்பையை மூன்று பெட்டிகளில் வைத்திருக்கிறேன், வீட்டார் திட்டத்தான் திட்டுகிறார்கள்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவில் உருவாக்கிய டிசைன்களை விற்கலாமா?

பதில்: விற்பதற்கு முன், உங்களிடம் விற்க என்ன இருக்கிறது என்று பாருங்கள். மனிதர் படைக்காத, இயந்திரமே உருவாக்கிய பகுதிக்குப் பதிப்புரிமை இல்லை என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2023 மார்ச்சில் வெளியிட்ட வழிகாட்டல் கூறுகிறது. உரிமை இல்லாத ஒன்றுக்கு ‘தங்களுக்கு மட்டும்’ என்று அனுமதி எழுதிக் கொடுக்க முடியாது. வாங்கும் நிறுவனங்கள் இதை ஒப்பந்தத்திலேயே கேட்கத் தொடங்கிவிட்டன. மறைத்துக் கையெழுத்திட்டால் பொறுப்பு உங்களுடையது.

கேள்வி: தொகுப்பு தயார். நிறுவனத்துக்கு எப்படி அனுப்புவது? உடனே வேலையை விட்டுவிடலாமா?

பதில்: வேலையை விட வேண்டாம். ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கும் முதல் ராயல்டி வருவதற்கும் இடையே ஓர் ஆண்டு ஓடிவிடுவது சாதாரணம். அதுவரை, டிசைனை ஏற்றி வைத்தால் வாங்குபவர் கேட்கும் அளவுக்குத் துணியில் அச்சிட்டு அனுப்பும் ஸ்பூன்ஃப்ளவர் போன்ற தளங்களைப் பயன்படுத்தலாம். 2008இல் தொடங்கிய அந்தத் தளத்தில் வருமானம் பெரிதாக இராது என்றாலும், உங்கள் டிசைன் நிஜத் துணியில் எப்படி விழுகிறது என்பதைச் சில மீட்டர் செலவில் அறிந்துகொள்ளலாம். அங்கே யாருக்காவது விற்ற டிசைனை, பிறகு ஒரு நிறுவனத்துக்குத் தனியுரிமையாகத் தருவதற்குமுன் அதைச் சொல்லிவிட வேண்டும்.

அனுப்பும் முறை எளியது. அந்த நிறுவனம் கடைசியாக வெளியிட்ட பொருள்களைப் பார்த்து, உங்கள் பாணி அவர்களுக்குப் பொருந்துமா என்று தீர்மானியுங்கள். பூவே வைக்காதவர்களுக்குப் பூவை அனுப்பிப் பயனில்லை. டிசைன் தேர்வு செய்பவரின் பெயரைக் கண்டுபிடித்து, நான்கைந்து வரியில் ஒரு மின்னஞ்சல் எழுதி, ஒரு தொகுப்பை மட்டும் இரண்டு பக்கப் பிடிஎஃப்ஆக இணையுங்கள். முதல் பக்கத்தில் டிசைன்கள், இரண்டாவதில் அவை போர்வையிலோ திரைச்சீலையிலோ எப்படி இருக்கும் என்று காட்டும் படம். திரையில் பார்க்கப் போதுமான குறைந்த அடர்த்தியில், உங்கள் பெயரோடு அனுப்புங்கள். கட்டத்தின் மூலக்கோப்பை ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை எவருக்கும் அனுப்பக் கூடாது. ‘அச்சு சோதனைக்காக’ என்று கேட்டாலும் கூடாது. பதில் வராவிட்டால் ஆறு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த தொகுப்பு தயாரானதும் அதே முகவரிக்கு அதை அனுப்புங்கள். எனக்கு முதல் சுவர்த்தாள் ஒப்பந்தம் நான்காவது தொகுப்புக்குத்தான் கிடைத்தது, அதிலும் அவர்கள் எடுத்துக்கொண்டது இரண்டாவது தொகுப்பில் இருந்த ஒரு சிறு இலை டிசைனை.